சத்தமில்லாத ஒன்பது ரீல்

அன்புள்ள மாமாவுக்கு,

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது நீங்கள் சொன்ன ஒரு குறைக்கு அன்றே பதில் சொல்லாமல் சிரித்து மழுப்பிவிட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆபரேட்டர் அறையில் நின்று, இரண்டு புரொஜெக்டர்களின் இரைச்சலுக்கு நடுவே வசனத்தை மட்டும் பிரித்துக் கேட்கப் பழகிய காது உங்களுடையது. அந்தக் காது, இப்போது வரும் படங்களில் மனிதர்கள் பேசுவதே கேட்பதில்லை, எல்லாவற்றின் மேலும் இசையைக் கொட்டிக் கவிழ்த்துவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டால், வயதானவரின் முணுமுணுப்பு என்று அதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் தியேட்டருக்குப் போய் நான் பார்த்த நான்கு படங்களை, உங்கள் குறையை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடி யோசித்துப் பார்த்தேன். மதிப்பெண் போட எனக்குத் தெரியாது. பார்த்தபோது தோன்றியதையும் பிறகு மாறியதையும் எழுதுகிறேன்.

ஆகஸ்டு 23ஆம் தேதி இரண்டு படங்கள் ஒரே நாளில் வெளிவந்தன. ஒன்று பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கிய ‘கொட்டுக்காளி’, மற்றொன்று மாரி செல்வராஜின் ‘வாழை’. நான் முதலில் போனது ‘கொட்டுக்காளி’க்கு. படம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். பின்வரிசையிலிருந்து ஒருவர் “சவுண்டு வைங்கப்பா” என்று குரல் கொடுத்தார். உங்கள் காலமாக இருந்தால் அந்தக் குரலுக்கு அறையின் சிறு சன்னலிலிருந்து ஒரு முகமாவது எட்டிப் பார்த்திருக்கும். இங்கே எட்டிப் பார்க்க யாரும் இல்லை. படம் கணினியிலிருந்து தானாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் கேட்டதிலும் பிழை இல்லை, ஏனென்றால் அந்தப் படத்தில் பின்னணி இசை என்று எதுவுமே கிடையாது. ஆட்டோவின் எஞ்சின், காற்று, தூரத்து ஒலிபெருக்கி, செருப்புத் தேயும் ஓசை, கால் கட்டப்பட்ட சேவல் சிறகடிப்பது ஆகியவற்றை வைத்தே 100 நிமிடத்தையும் நடத்தியிருக்கிறார்கள். நிமிடத்துக்கு 90 அடி பிலிம் என்ற உங்கள் கணக்கில் பார்த்தால் 9,000 அடி, அதாவது ஒன்பது ரீல். அந்த ஒன்பது ரீலிலும் ஒரு வயலின் கூட இல்லை.

கதை என்று சொன்னால் இரண்டே வரிதான். வேறு சாதிப் பையனை விரும்பிவிட்ட மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, அவளை மணக்க இருக்கும் முறைமாமன் பாண்டியும் இரண்டு குடும்பத்தாரும் ஆட்டோவிலும் இருசக்கர வாகனங்களிலுமாக ஒரு சாமியாடியிடம் அழைத்துப் போகிறார்கள். மீனாவாக வரும் அன்னா பென் படம் முழுவதும் ஏறத்தாழ வாய் திறக்காமலே இருக்கிறார். பாண்டியாக வரும் சூரிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கரகரத்த குரலில் எல்லாரையும் அதட்டுகிறார். அதட்டுகிறவனுக்குக் குரல் இல்லை, குரல் இருக்கிறவள் பேச மறுக்கிறாள். இந்தச் சிறிய ஏற்பாட்டின் மீதுதான் படம் நிற்கிறது என்று எனக்குப் பட்டது. வழியில் எங்கோ ஒலிபெருக்கியில் கேட்கும் ஒரு சினிமாப் பாட்டை மீனா மெல்ல முணுமுணுக்கிறாள். அதைத் தாங்க முடியாமல் பாண்டி வெறிபிடித்தவன் போல அவளையும், தடுக்க வந்தவர்களையும் அடிக்கிறான். படத்தில் இசையென்று காதில் விழும் அரிய இடங்களில் அதுவும் ஒன்று, அதற்கு அவளுக்குக் கிடைக்கும் கூலி அந்த அடி. முதலிலிருந்தே வயலின் வாசித்துக்கொண்டிருந்தால் இந்த முணுமுணுப்பு யார் காதிலும் ஏறியிருக்காது.

உங்களுக்கு இந்தப் படம் பிடிக்குமா என்று கேட்டால், முதல் பாதியில் பிடிக்காது என்றே நினைக்கிறேன். நடக்கிறார்கள், நிற்கிறார்கள், ஒரு காளை வழிமறித்து நிற்கிறது, ஒருவர் சிறுநீர் கழிக்கப் போகிறார், மறுபடி நடக்கிறார்கள். “இதை எதற்குக் காட்டுகிறான்” என்று நீங்கள் கேட்பது இப்போதே என் காதில் விழுகிறது. முடிவையும் அவர்கள் முடித்து வைக்கவில்லை. சாமியாடி இன்னொரு பெண்ணுக்குச் செய்வதைப் பாண்டி பார்த்துக்கொண்டிருக்கும்போது படம் நின்றுவிடுகிறது. அடுத்த ரீல் வராத படம் போல எங்கள் அரங்கில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. இதே இயக்குநரின் முதல் படமான ‘கூழாங்கல்’ 2021ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் முதன்மைப் பரிசான புலி விருதைப் பெற்றது. அதிலும் நடப்பதுதான் கதை, வெயில்தான் வில்லன். அதைவிட இது இன்னும் கூர்மையாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

‘வாழை’யைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி விடுமுறை நாட்களில் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டிய ஒரு சிறுவனின் கதை. அவனுக்கு ரஜினி பிடிக்கும், அவன் கூட்டாளிக்குக் கமல் பிடிக்கும். அந்த இரண்டு பையன்களின் பேச்சுக்காகவே நீங்கள் பார்க்க வேண்டும். கடைசியில், ஊரே இழவு காத்துக் கிடக்கும்போது பசி தாங்காமல் அந்தப் பையன் வீட்டுக்குள் வந்து சோற்றைத் தின்கிறான். அந்த இடத்தில் என் தொண்டை அடைத்துப் போனது உண்மை. ஆனாலும் பின்னணியில் பாட்டு எழுந்து என்னை அழச் சொன்னபோது, நான் ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கிறேனே என்று கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. சோற்றுப் பருக்கையை விழுங்கும் ஓசையை மட்டும் விட்டிருந்தால் போதாதா? முந்தின நாள் ‘கொட்டுக்காளி’ பார்த்திராவிட்டால் இப்படிக் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம். இந்த ஒரு படத்தில் உங்கள் கட்சிதான் என் கட்சி.

செப்டம்பர் 27ஆம் தேதி வந்த ‘மெய்யழகன்’தான் நான் உங்களிடம் விரிவாகப் பேச விரும்பும் படம். பிரேம்குமார் இயக்கியது. தஞ்சாவூரில் இருந்த பூர்வீக வீட்டைச் சொந்தக்காரர்களிடம் இழந்து 1996இல் குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்ட அருள்மொழி, இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, சித்தப்பா முறையோ மாமா முறையோ என்று நமக்கே குழம்பும் ஒரு நெருங்கிய குடும்பத்தின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். அங்கே “அத்தான், அத்தான்” என்று காலைச் சுற்றும் ஓர் இளைஞனின் பெயர் அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. பேருந்தைத் தவறவிட்டு, அந்தப் பெயர் தெரியாதவன் வீட்டில் ஓர் இரவு தங்குகிறான். அரவிந்த் சுவாமியும் கார்த்தியும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நம் குடும்பக் கல்யாணங்களில் எத்தனை முறை நானும் இப்படிப் பெயர் தெரியாத அத்தான்களிடம் “நல்லா இருக்கீங்களா” என்று சமாளித்திருக்கிறேன் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

நான் இதை இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை பார்த்தபோது படம் ஏறத்தாழ மூன்று மணி நேரம். நீளம் என்று பலரும் சொன்னதால், வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடத்தைக் குறைத்துவிட்டார்கள். இரண்டாம் முறை பார்த்தது அந்தக் குறைத்த படம். 1,600 அடிக்கும் மேல், ஒன்றரை ரீலைத் தாண்டும். சிறுவயதில் உங்கள் அறையில் நான் பார்த்தது நினைவுக்கு வந்தது: இரண்டாம் ஆட்டம் நேரத்துக்கு முடிய வேண்டும் என்று முதலாளி சொல்லியனுப்பினால், எந்தப் பாட்டை எடுக்கலாம் என்று நீங்கள் பிலிமை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்கள். பிலிமில் ஒரு படத்துக்குரிய ஒலி அதற்குச் சுமார் 20 ஃபிரேம், அதாவது 20 படக்கட்டம், முன்னால் பதிந்திருக்கும், ஆகையால் வெட்டி ஒட்டிய இடத்தில் படம் முதலில் தாவிவிடும், பழைய காட்சியின் குரல் ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவாக இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும் என்று நீங்கள்தான் விளக்கினீர்கள். யார் வெட்டினாலும் காட்டிக் கொடுத்துவிடும் என்பீர்கள்.

இப்போதைய வெட்டில் அப்படி எந்தத் தடயமும் இல்லை. தையல் தெரியாமல் தைத்திருக்கிறார்கள். ஆனால் முதலில் முழுதாகப் பார்த்துவிட்டதால் எனக்கு மட்டும் அந்தப் பழைய குரல்கள் கேட்டுக்கொண்டிருந்தன. எடுத்துவிட்டவற்றுள் பெரும்பகுதி அந்த இரவில் வரலாற்றையும் அரசியலையும் தொட்டு நீளும் பேச்சு. முதல் முறை பார்த்தபோது அந்த இடங்களில் நானும் நாற்காலியில் நெளிந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. கதாபாத்திரம் பேசுவது போய் இயக்குநர் பேசுவது போல இருந்தது. ஆகவே இரண்டாம் முறை எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. அருள்மொழி குற்ற உணர்ச்சி தாங்காமல், தன்னை இவ்வளவு கொண்டாடுகிறவனின் பெயர்கூடத் தெரியவில்லையே என்ற வெட்கத்தில், யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போகிறானே, அந்த இடம் இரண்டாம் முறை எனக்குப் பாதி பலத்தோடுதான் வந்தது. பேச்சு எங்கெங்கோ அலைந்து, தூக்கம் சொக்கி, மறுபடி பேச்சு எழுந்து, விடிந்தே விட்டதா என்று தோன்றும் அளவுக்கு அந்த இரவு நீண்டிருந்ததால்தான் முதல் முறை அந்த ஓட்டம் வலித்தது. இரவைக் குறைத்ததும் அவன் பட்ட அன்புக் கடனும் குறைந்துவிட்டது.

கல்யாண மேடையில் தங்கை முறையாகும் புவனாவுக்கு அருள்மொழி தான் கொண்டுவந்த நகைகளைத் தன் கையாலேயே அணிவிக்கும் காட்சியை நல்லவேளையாக யாரும் தொடவில்லை. அதில் வசனம் மிகக் குறைவு. கோவிந்த் வசந்தாவின் இசை இருக்கிறது, ஆனால் வாசற்படியில் நிற்கும் விருந்தாளி போல உள்ளே வராமல் நிற்கிறது. புவனாவின் அப்பாவாக வரும் ராஜ்கிரணைப் பார்த்தபோது உங்கள் நினைவு வந்தது. அவரும் மாமா என்பதால் மட்டும் இல்லை, வந்தவனைப் பார்த்தவுடன் முதலில் “சாப்பிட்டியா” என்று கேட்கிறவர் முகம் அது. அருள்மொழி சிறுவனாக இருந்தபோது விட்டுப்போன சைக்கிள் பற்றி ஒரு பகுதி வருகிறது. அதைச் சொன்னால் நீங்கள் பார்க்கும்போது சுவை போய்விடும், விட்டுவிடுகிறேன். கமல்ஹாசன் பாடிய பாட்டு ஒன்றும் உண்டு. வீட்டைவிட்டுப் போகும் இரவில் அது ஒலிக்கும்போது உங்கள் குறையை நீங்களே மறந்துவிடுவீர்கள்.

இதற்கு ஒரு வாரம் முன்பு, செப்டம்பர் 20ஆம் தேதி வந்தது ‘லப்பர் பந்து’. தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம். ஊர்க் கிரிக்கெட்டில் பேர்பெற்ற ‘கெத்து’ என்பவருக்கும், அவர் ஆட்டத்தின் பலவீனத்தை வாய்தவறிச் சொல்லிவிடும் அன்பு என்ற இளைஞனுக்கும் இடையே மூளும் வீம்பு; அன்பு விரும்பும் பெண்ணின் அப்பாதான் அந்தக் கெத்து. கெத்தாக அட்டகத்தி தினேஷும் அன்பாக ஹரிஷ் கல்யாணும் நடித்திருக்கிறார்கள். கெத்து மட்டையோடு மைதானத்துக்குள் நடந்து வரும்போது ஒலிபெருக்கியில் “நீ பொட்டு வச்ச தங்கக் குடம்” போடுகிறார்கள். 1989இல் ‘பொன்மனச் செல்வன்’ நம் ஊருக்கு வந்தபோது அந்தப் பாட்டுக்குத் தரை டிக்கெட்டில் எழுந்த விசிலை நீங்கள் நடித்துக் காட்டியிருக்கிறீர்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, விஜயகாந்த் மறைந்து ஓர் ஆண்டுகூட ஆகாத நிலையில், அன்று பிறந்தே இராத பையன்கள் அதே இளையராஜா பாட்டுக்கு எழுந்து நின்று விசிலடித்ததை நான் நேரில் பார்த்தேன். இந்தச் சத்தத்தை நீங்கள் இரைச்சல் என்று சொல்ல மாட்டீர்கள் என்பது என் துணிபு. அந்தப் பாட்டு மைதானத்து ஒலிபெருக்கியிலிருந்து, அந்த ஊர்க்காரர்கள் போட்ட பாட்டாகவே வருகிறது. யாரோ சென்னையில் உட்கார்ந்து நம் தலையில் ஊற்றுவதாகத் தோன்றவில்லை.

கெத்தின் மனைவி யசோதையாக வரும் சுவாசிகா, டிராக்டர் ஓட்டிக்கொண்டு வரும்போதும் சரி, கணவனோடு பேசாமல் விலகி இருக்கும்போதும் சரி, படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். அத்தையை உடன் வைத்துக்கொண்டு பாருங்கள். அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். ஆளைச் சாதி பார்த்து அணியில் சேர்க்காத கொடுமையைப் படம் நகைச்சுவை குன்றாமல் சொல்லிக்கொண்டு போவது அருமை. கடைசி அரை மணி நேரத்தில் அத்தனை பேரும் சொல்லி வைத்தாற்போல மனம் மாறுவதுதான் எனக்கு ஒட்டவில்லை. நம் ஊரில் ஒரு வரப்புத் தகராறே மூன்று தலைமுறையாக முடியவில்லை.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை வருகிறேன். ‘லப்பர் பந்து’வை அன்று மாலையே எல்லாரும் சேர்ந்து பார்த்துவிடலாம். ‘கொட்டுக்காளி’யை மறுநாள் காலை, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு நாம் இருவர் மட்டும் பார்ப்போம், பாதியில் நீங்கள் எழுந்து போனாலும் வருத்தப்பட மாட்டேன். ‘மெய்யழகன்’ பார்த்து முடித்ததும் எனக்கு ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும். அந்தப் பிரிண்ட் 16 ரீலாக உங்கள் மேசைக்கு வந்து, இரண்டாம் ஆட்டத்துக்குள் ஒன்றரை ரீலை எடுத்தே தீர வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தால், நீங்கள் எந்த இடத்தில் கத்தரி வைத்திருப்பீர்கள்?

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் மருமகள்