நான்காவது பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், கலைந்துபோன பழைய ராக் குழுக்கள் மறுபடி ஒன்று சேர்வதைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. வயதான காலத்தில் கல்லா கட்டத்தான் சேருகிறார்கள் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். சிலருக்கு அது பொருந்தலாம். ஆனால் கட்டுரைக்கு மேலே நீங்கள் போட்டிருந்தது இங்கிலாந்தின் பிளாக் சப்பாத் குழுவின் படம். படத்தில் நான்கு பேர். கீழே அச்சாகியிருந்ததோ மூன்று பெயர்: ஆஸி ஆஸ்போர்ன், டோனி ஐயோமி, கீஸர் பட்லர். விட்டுப்போன அந்த நான்காவது ஆளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1984இல் பத்தாம் வகுப்பு முடித்ததும், சேலம் பழைய பஸ் நிலையம் பக்கம் கேசட் பதிந்து தரும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். ஏற்காட்டிலிருந்து எஸ்டேட்காரர் ஒருவர் மாதம் ஒருமுறை இறங்கி வருவார். மஞ்சள் பைக்குள் பழைய துணியில் சுற்றி இசைத்தட்டுகள் கொண்டுவருவார். அப்படி ஒரு நாள் அவர் கொடுத்தது பிளாக் சப்பாத்தின் முதல் தட்டு, 1970இல் வந்தது. ஊசியை வைத்தேன். பாட்டு வரவில்லை, மழை வந்தது. மழைக்குள் ஒரு மணியோசை, தூரத்தில் இடி. வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அப்புறம் கிதார் விழுந்தது பாருங்கள், கடையின் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. 60 நிமிஷக் கேசட்டில் அவருக்கு ஒன்று பதிந்தேன், என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி எனக்கும் ஒன்று பதிந்துகொண்டேன். அந்தத் தட்டு முழுவதையும் ஒரே நாளில் பாடி முடித்தார்களாம். பிறகு தெரிந்துகொண்டது இது.

கடை மூடிய பிறகு செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்கு வந்துவிட்டேன். இன்றுவரை அதே தொழில்தான். பட்டறையில் என் சித்தப்பாவுக்கு ஆள்காட்டி விரலின் நுனி பிரஸ் மிஷினில் போய்விட்டது. காயம் ஆறியதும் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி விரலில் மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மிளகை விடச் சின்ன சலங்கைகளை அந்த ரப்பர் விரலால் எடுத்துக் கோப்பார். ஒன்றுகூட நழுவாது.

குழுவில் கிதார் வாசிக்கும் ஐயோமியின் கதையும் ஒரு பட்டறைக் கதைதான். பர்மிங்காமில் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் இருந்தார், 17 வயது. வேலையை விட்டு நிற்கப்போகும் கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வந்தவர் திரும்பிப் போக வேண்டாம் என்றிருந்தார். வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மாதான் அனுப்பிவைத்தார். அன்றைக்கு மிஷினில் வழக்கமாக நிற்பவர் வராததால் இவர் நிற்க வேண்டியதாயிற்று. வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. இடது கைக்காரர் அவர், தந்தியை அழுத்துவது வலது கைதான். இனி வாசிக்க முடியாது என்றார்கள். அவர் பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரலுக்கு ஏற்றபடி தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி மாட்டிக்கொண்டார். அழுத்தினால் வலிக்காதபடி மெல்லிய தந்திகள் பூட்டினார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில், 3 கட்டை சுருதியில் இருக்க வேண்டிய தந்தியை 1½ கட்டைக்குத் தளர்த்தினார். அந்த ஆழமான, கனத்த சத்தத்தைத்தான் இன்று உலகம் முழுக்க ஹெவி மெட்டல் என்கிறார்கள். இந்த ஊரில் பட்டறையில் உட்கார்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, நான்காவது ஆள். பில் வார்ட், டிரம்ஸ். போரைத் தூண்டிவிட்டு ஏழைகளைச் சாகக் கொடுக்கும் தளபதிகளைச் சாடி 1970இல் இவர்கள் ஒரு பாட்டுப் போட்டார்கள், 'வார் பிக்ஸ்' என்று. ஆஸி ஒரு வரி பாடுவார், கிதார் இரண்டு அடி அடித்துவிட்டு நின்றுவிடும். அடுத்த வரி வரும்வரை வார்டின் ஹை-ஹாட், அதாவது டிரம்ஸில் இருக்கும் ஜோடித் தாளத்தட்டு, அது மட்டும் தட்டிக்கொண்டிருக்கும். டிக், டிக், டிக். பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திய பிறகும் ஒரே ஒரு சின்னச் சுத்தியல் ஓயாமல் தட்டுமே, அப்படி. ஜாஸ் கேட்டு வளர்ந்த கை அது. கனத்த பாட்டிலும் ஓர் ஊஞ்சலாட்டம் இருக்கும். வேறு யார் வாசித்தும் எனக்கு அது கிடைத்ததில்லை.

2012இல் குழு மறுபடி கூடியபோது ஒப்பந்தம் சரிப்படாமல் வார்ட் ஒதுங்கிவிட்டார். 2013இல் வந்த ஆல்பத்தில் அவர் இல்லை. 2017 பிப்ரவரி 4 அன்று குழுவின் சொந்த ஊரான பர்மிங்காமில் நடந்த விடைபெறும் கச்சேரியிலும் இல்லை. எனக்கு அன்று ஏற்பட்ட வருத்தம் சின்ன வருத்தம் அல்ல. கல்யாண வீட்டில் கூடப்பிறந்தவனைக் கூப்பிடாமல் விட்ட மாதிரி இருந்தது.

2025 ஜூலை 5 அன்று, அவர்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே, வில்லா பார்க் மைதானத்தில் நான்கு பேரும் 20 வருடம் கழித்து ஒன்றாக மேடை ஏறினார்கள். பெங்களூரில் இருக்கும் என் மகள் பணம் கட்டி, கச்சேரியை போனில் பார்க்கும் இணைப்பை அனுப்பியிருந்தாள். நமக்கு ஞாயிறு விடியற்காலை. வீட்டில் எல்லோரும் தூங்க, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். பார்க்கின்சன் நோயால் ஆஸியால் நிற்க முடியவில்லை. கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். மொத்தம் நான்கே பாட்டு. முதல் பாட்டே 'வார் பிக்ஸ்'. கிதார் நின்றது. டிக், டிக், டிக். 77 வயதுக் கை. நான் அழுதுவிட்டேன்.

கல்லா கட்டினார்கள் என்று எழுதியவருக்கு ஒரு தகவல். அந்தக் கச்சேரி பார்க்கின்சன் ஆராய்ச்சி அமைப்பு, பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனை, ஏகார்ன்ஸ் குழந்தைகள் பராமரிப்பு இல்லம் ஆகியவற்றுக்கு நிதி திரட்ட நடந்தது. 17 நாள் கழித்து, ஜூலை 22 அன்று ஆஸி காலமானார். இனி நான்கு பேரும் சேர வழியில்லை. அதனால்தான் அந்தப் படத்தின் கீழே நாலு பெயரும் இருக்க வேண்டும் என்கிறேன்.

அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடுங்கள் ஐயா. இடம் இல்லையென்றால் என் கடிதத்தில் மற்றதை எல்லாம் வெட்டிவிட்டுப் பெயரை மட்டுமாவது போடுங்கள்: பில் வார்ட்.

இப்படிக்கு,
கொலுசுத் தொழிலாளி ஒருவர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம் - 2.