கடல் விசிறிக் குறிப்பான்கள்: கைகொடுத்தோருக்கு நன்றி

அன்புடையீர்,

மன்னார் வளைகுடாவில் ஒரு தீவை ஒட்டி வாழும் கடல் விசிறிகளுக்கும் (விசிறிபோல் கிளைவிடும் பவள வகை) அடுத்த தீவுக் கூட்டத்துக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டா என்று பார்ப்பதற்கான மைக்ரோசாட்டிலைட் குறிப்பான்கள் தயார். டி.என்.ஏ.வில் சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் இவை; அவற்றின் நீளம் உயிருக்கு உயிர் மாறும்.

முதல் நன்றி, அனுமதி தந்த வனத்துறைக்கு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் இது. வலையில் ஒடிந்து வந்த கிளையைக்கூடச் சும்மா எடுத்து வைக்க முடியாது.

மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.ஐ. மரபணுவில் காசைக் கரைக்காதீர்கள் என்று தடுத்த பேராசிரியருக்கு அடுத்தது. இந்த வகைப் பவளங்களில் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. மிக மெதுவாக மாறும்; பக்கத்துக் கூட்டங்களைப் பிரித்துக் காட்டாது. ஐரோப்பிய இளஞ்சிவப்புக் கடல் விசிறிக்கு ஏற்கெனவே குறிப்பான்கள் இருந்தாலும், தூரத்து இனத்துக்குச் செய்த பிரைமர் (நகலெடுக்க வேண்டிய இடத்தில் ஒட்டும் சிறு டி.என்.ஏ. துண்டு) இங்கே ஒட்டுவது அபூர்வம்.

மண்டபம் ஊரின் முக்குளிப்பு அண்ணன்மார் கிளை நுனியில் 2 செ.மீ. மட்டும் நறுக்கினார்கள், மாதிரிக்கு மாதிரி சில மீட்டர் தள்ளி. சில இனங்களில் ஒடிந்த கிளையே தனிச் செடிபோல் வளரும். நெருக்கி எடுத்தால் ஒரே உயிரை இருமுறை எண்ணிவிடுவோம். படகிலேயே 95 சதவீத எத்தனால், திசுவைப்போல் 5 மடங்கு. மறுநாள் அதைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றியதுதான் பெரிய உதவி: திசுவின் நீர் கலந்து எத்தனால் நீர்த்துப்போனால் டி.என்.ஏ. சிதைந்துவிடும்.

வீட்டைத் திறந்துவிட்ட காரைக்குடி ஆச்சிக்கு என்ன சொல்ல! முகப்பு அறையில் டி.என்.ஏ. பிரித்தெடுப்பு, இரண்டாம் கட்டு தாண்டி அதைப் பல மடங்கு நகலெடுக்கும் பி.சி.ஆர். பெருக்கிய டி.என்.ஏ. ஒரு துளி முன்னே வந்தாலும் வெறுந்தண்ணீர் மட்டும் உள்ள சோதனைக் குழாயிலும் டி.என்.ஏ. இருப்பதுபோல் பட்டை தெரியும். நடுக்கதவை அவர் சாத்தியே வைத்திருந்தார்.

வழவழப்பான சளி பி.சி.ஆரை முடக்கியபோது, டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் சிடேப் கரைசலில் பி.வி.பி. என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, கிடைத்த டி.என்.ஏ.வைப் பத்து மடங்கு நீர்க்கச் சொன்ன ஆய்வக உதவியாளருக்கும், திசுவில் குடியிருக்கும் பாசியின் டி.என்.ஏ.வோடும் பிரைமர்களைச் சோதித்து, பாசியில் பெருகியவற்றைக் கழித்த மாணவிகளுக்கும் நன்றி. குறிப்பான்களின் நீளத்தைக் காட்டும் வரைபட உச்சிகளை இருவர் தனித்தனியே படித்தார்கள். பிரைமர் ஒட்டும் இடத்தில் மாற்றம் இருந்தால் ஓர் அல்லீல் (அந்த இடத்தின் ஒரு வடிவம்) தெரியாமலே போகும். இரண்டு வடிவம் உள்ள உயிர் ஒன்றே உள்ளதாகத் தோன்றும். அப்படிச் சந்தேகப்பட்ட குறிப்பான்களை, ஆசைப்பட்டு வைத்துக்கொள்ளாமல், நீக்கிவிட்டோம்.

பிரைமர் வரிசைகள் கேட்போருக்குத் தரப்படும்.

நன்றியுடன்,
ஆய்வுக் குழுவினர்,
காரைக்குடி