நர்ஸுக்கு அங்கே என்ன வேலை?

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தேர்வு முடியட்டும் என்று வைத்திருந்தேன். பாப்பா நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருந்தாய், அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருந்தது.

நீயும் இந்தப் படிப்புக்கு வா என்றதற்குக் கடைசியில் ஒன்று கேட்டிருந்தாயே, "புற்றுநோய் வார்டில் நர்ஸாகப் பதினைந்து வருஷம் ஓடிய எனக்கு, நோயாளிகளின் தரவை அலசுகிற உன் கம்ப்யூட்டர் படிப்பில் என்ன வேலை?" என்று. அது என்னை விடவில்லை.

முதல் பருவத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நோயாளிகளை ஐந்து வருஷம் தொடர்ந்த ஓர் ஆய்வின் தரவைக் கொடுத்தார்கள். பலருக்குப் பாதியிலேயே தகவல் நின்றுபோயிருந்தது. அந்த வரிகளை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டேன். "மூன்று வருஷம் உயிரோடு இருந்தார் என்பது தெரிகிறதே, அதை ஏன் தூக்கி எறிகிறீர்கள்?" என்றார் ஆசிரியர். இப்படித் தொடர்பு விட்டுப்போனவர்களையும் கணக்கில் சேர்க்க 1958லேயே கப்லான், மையர் என்ற இரு புள்ளியியல் அறிஞர்கள் வழி சொல்லிவிட்டார்கள். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நோயாளிகள் வராமல் போனதற்கும் நோயின் போக்குக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. ஊர் மாறிப் போனாரா, உடம்பு முடியாமல் நின்றாரா? தரவில் அது இல்லை. வார்டில் அவர்களைப் பார்த்த உனக்குத் தெரியும்.

இன்னொன்று. தோல் புற்றைப் படம் பார்த்துக் கண்டுபிடிக்கும் நிரல் ஒன்று, படத்தில் அளவுகோல் இருந்தால் புற்று என்று சொல்லும் பக்கம் சாய்ந்ததாம். சந்தேகம் வந்தால்தான் மருத்துவர்கள் அளவுகோல் வைத்துப் படம் எடுப்பார்கள், அதை நிரல் பிடித்துக்கொண்டுவிட்டது. எங்கள் வகுப்பில் இதைக் கேட்டு வியந்தோம். நீயாக இருந்தால் படங்களைப் புரட்டும்போதே சொல்லியிருப்பாய்.

என் மனசை மாற்றியது 2017இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் ஈதன் பாஷ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. நோய் பரவிய நிலையில் கீமோ எடுத்துக்கொண்ட 766 பேர். ஒரு பகுதியினர் வலி, வாந்தி, மூச்சுத்திணறல் எப்படி இருக்கிறது என்று இணையத்தில் அவ்வப்போது பதில் சொன்னார்கள். நிலைமை மோசமானால் நர்ஸுக்கு மின்னஞ்சல் போகும். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம், 26 மாதம், இவர்களுக்கு 31.2 மாதம். செயற்கை நுண்ணறிவெல்லாம் எதுவும் இல்லை. சில கேள்விகள், அந்தப் பக்கம் தொலைபேசியை எடுத்துப் பேச ஒருத்தி. அந்த ஒருத்தியை விட்டுவிட்டு வெறும் செயலியை மட்டும் செய்யப் பார்ப்பவர்கள்தான் எங்களில் அதிகம். அதனால்தான் உன்னை வா என்கிறேன்.

கணக்கு வருமா என்று பயப்படாதே. பைத்தான் என்கிற நிரல்மொழியும் புள்ளியியலும் முதல் நான்கு மாதம் கசக்கிப் பிழியும், பிறகு கைக்கு வந்துவிடும். நான் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.

என் ஆய்வேட்டுக்கு அதே மாதிரி ஒரு கேள்விப் பட்டியல்தான் எடுத்திருக்கிறேன், இத்துடன் வைத்திருக்கிறேன். கேட்டால் உண்மையைச் சொல்லாமல் "பரவாயில்லைம்மா" என்று நோயாளிகள் மழுப்பும் கேள்விகள் எவை என்று குறித்து அனுப்பு. அவற்றை எப்படிக் கேட்டால் சொல்வார்கள் என்பதையும் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி