ஆக்சிஜன் வைத்தும் நீலம் மாறாத நோயாளி: அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்குத் திறந்த மடல்

மாவட்ட, வட்ட அரசு மருத்துவமனைகளின் கண்காணிப்பாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். இரத்தத்தில் மெத்தீமோகுளோபின் (ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி மாறிய ஹீமோகுளோபின்) ஏறி நீலமாகும் நோயாளிக்கு முறிமருந்தான மெத்திலீன் புளூ ஊசிமருந்து ஐந்து ஆம்பூலாவது (10 மி.லி., 1%) அவசரப் பிரிவு டிராலியிலேயே இருக்க வேண்டும். இரவில் கிடங்கின் பூட்டைத் திறக்க ஆள் தேடும் நிலை கூடாது.

தொழுநோய்க்கு டாப்சோன் எடுப்பவர், மலேரியாவுக்குப் பிரைமாகுயின் எடுப்பவர், ஈறில் பென்சோகெய்ன் ஜெல் தடவப்பட்ட குழந்தை என யாருக்கும் மெத்தீமோகுளோபின் ஏறலாம். ஹீமோகுளோபினிலுள்ள இரும்பு ஃபெரிக் நிலைக்கு மாறி, ஆக்சிஜனைப் பிடிக்க முடியாமல் போகிறது. மீதமுள்ள நல்ல ஹீமோகுளோபினும் பிடித்ததைத் திசுக்களுக்கு எளிதில் விடாது. 10-15 விழுக்காட்டிலேயே உதடும் நகமும் நீலமாகும். 50-ஐத் தாண்டினால் வலிப்பு, நினைவிழப்பு. 70-க்கு மேல் உயிர் தங்குவது அரிது.

நெஞ்சில் கோளாறு தெரியாது. ஆக்சிஜனைக் கூட்டினாலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 85 பக்கமே நிற்கும். சாதாரண ஏபிஜி (தமனி இரத்த வாயுப் பரிசோதனை) கருவியோ ஆக்சிஜன் செறிவை அளக்காமல் கணக்கிட்டு, எல்லாம் சரி என்று காட்டிவிடும். மெத்தீமோகுளோபினை நேரடியாக அளக்கும் கோ-ஆக்சிமீட்டர் இல்லாத இடத்தில் வெள்ளை ஃபில்டர் தாள் போதும். நோயாளியின் இரத்தம் ஒரு துளி, பக்கத்தில் நலமான ஒருவரின் சிரை இரத்தம் ஒரு துளி. காற்றுப் பட்டதும் நலமானவரின் துளி சிவக்கும்; நோயாளியின் துளி சாக்லேட் பழுப்பாகவே கிடக்கும்.

அறிகுறி இருந்தால் மெத்திலீன் புளூ கிலோவுக்கு 1-2 மி.கி., ஐந்து நிமிடத்தில் மெதுவாகச் சிரைவழி. 60 கிலோ எடைக்கு 6 முதல் 12 மி.லி. நீர்க்க வேண்டுமானால் 5% டெக்ஸ்ட்ரோஸில் மட்டும். சலைனில் மருந்து சரியாகக் கரையாது. தேவைப்பட்டால் ஒரு மணி நேரத்தில் இன்னொரு முறை. மொத்தம் கிலோவுக்கு 7 மி.கி.யைத் தாண்டக் கூடாது. அளவு மீறினால் இந்த மருந்தே மெத்தீமோகுளோபினைக் கூட்டும். ஐந்து ஆம்பூல் கேட்பது இந்த உச்சக் கணக்கை வைத்துத்தான். ஊசி போட்டவுடன் ஆக்சிமீட்டர் சற்று இறங்கும், அது சாயத்தின் நிறத்தால். பதறி நிறுத்திவிடக் கூடாது.

ஆய்வகத்தில் பயன்படும் மெத்திலீன் புளூ சாயத்தை ஒருபோதும் ஏற்றாதீர்கள். ஜி6பிடி (சிவப்பணுவிலுள்ள ஒரு நொதி) குறைபாடு உள்ளவருக்கு இந்த ஊசிமருந்து பலன் தராது, சிவப்பணுக்களையும் சிதைக்கும். அவருக்கு வைட்டமின் சி, முடியாவிட்டால் இரத்த மாற்று. மனச்சோர்வு மாத்திரை எடுப்பவரா என்றும் கேளுங்கள், செரோட்டோனின் நச்சு வரக்கூடும்.

டாப்சோன் உடலில் நெடுநேரம் தங்கும். காலையில் தெளிந்தவர் மாலையில் மறுபடி நீலமாவார். பல தவணையாகச் செயலூட்டிய கரித்தூள் கொடுத்து, குறைந்தது ஒரு நாளாவது கண்காணியுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாப்சோனை மட்டும் நிறுத்தி, மற்ற தொழுநோய் மருந்துகள் விட்டுப்போகாமல் தொழுநோய்ப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சை மருத்துவர்களும் மருந்தாளுநர்களும்