கேட்பரி கதையில் விடுபட்ட எட்டு ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் கோகோ, சாக்லேட் ஆலை முதலாளி ஜார்ஜ் கேட்பரியின் வாழ்க்கையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர் ஆலைக்குக் கோகோ கொட்டை வந்த ஆப்பிரிக்கத் தீவான சாவோ டோமே பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அவரைப் பற்றிப் பேசும்போது அதை விட்டுவிட்டு எப்படிப் பேச முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மனிதரை மட்டம் தட்டுவது என் நோக்கமில்லை. 1861இல் அப்பாவின் கோகோ வியாபாரம் படுத்துக் கிடந்தபோது, அண்ணன் ரிச்சர்டும் 21 வயது ஜார்ஜும் அம்மா விட்டுப்போன பணத்தைப் போட்டு அதைத் தூக்கி நிறுத்தினார்கள். கோகோவில் மாவு கலந்து விற்பது சாதாரணமாக இருந்த காலத்தில், ஹாலந்திலிருந்து இயந்திரம் வாங்கி, கலப்பில்லாத கோகோவை 1866இல் கடைக்குக் கொண்டுவந்தார்கள். ஞாயிறு காலையில் பர்மிங்காமின் வயது வந்தோர் பள்ளிக்குப் போய், எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதை ஜார்ஜ் சுமார் ஐம்பது வருடம் விடாமல் செய்தார். அந்த மாணவர்களின் வீடுகளுக்குப் போய் அங்கிருந்த இருட்டையும் நெரிசலையும் பார்த்ததில் பிறந்ததுதான் ஆலையை ஒட்டி அவர் கட்டிய போர்ன்வில் குடியிருப்பு. மனையில் கால் பங்குக்கு மேல் வீடு கட்டக் கூடாது, மீதி தோட்டம், குடிவருவதற்கு முன்பே பழமரங்கள் நட்டிருக்க வேண்டும். தன் ஆலையில் வேலை செய்யாதவர்களும் அங்கே குடியிருக்கலாம். 1900இல் முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளோடு அந்த இடத்தை ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்து, தனக்கோ வாரிசுகளுக்கோ அதிலிருந்து ஒரு காசு வரக்கூடாது என்று ஆக்கிவிட்டார். இதெல்லாம் உங்கள் கட்டுரையில் இருக்கிறது, சரி.

அப்புறம் நடந்ததுதான் இல்லை. அந்த ஆலைக்கு வந்த கோகோ கொட்டையில் கிட்டத்தட்ட பாதி போர்ச்சுக்கீசியரிடம் இருந்த சாவோ டோமே, பிரின்சிப்பே தீவுகளிலிருந்து வந்தது. அங்கே வேலை செய்தவர்களை அங்கோலாவின் உள்நாட்டிலிருந்து பிடித்து வந்தார்கள். காகிதத்தில் அது ஐந்து வருட ஒப்பந்தம். அந்த ஐந்து வருடம் முடிந்ததும் ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படும், ஊர் திரும்பியவர் என்று அநேகமாக யாருமே இல்லை. 1904இல் ஹென்றி நெவின்சன் என்ற பத்திரிகையாளர் அங்கோலாவில் அவர்களைக் கூட்டிவந்த வழியாகவே நடந்து போனார். கூட்டிவரப்பட்டவர்களின் கைகால்களில் மாட்டிய மரவிலங்குகள் பாதையோரம் நெடுகக் கிடந்ததையும், நடக்க முடியாமல் விழுந்தவர்களின் எலும்புகளையும் பார்த்து எழுதினார்.

ஜார்ஜின் அண்ணன் மகன் வில்லியம் கேட்பரிக்கு இந்த விஷயம் 1901லேயே தெரியும். விற்பனைக்கு வந்த ஒரு தோட்டத்தின் சொத்துப் பட்டியலில் கருப்பினத் தொழிலாளிகளையும் விலை போட்டுச் சேர்த்திருந்தார்கள், அது அவர் கைக்கு வந்தது. 1903இல் லிஸ்பனுக்குப் போய்ப் பேசினார். 1905இல் ஜோசப் பர்ட் என்பவரை நேரில் பார்த்துவர அனுப்பினார்கள், அவர் திரும்பி வந்ததே 1907இல். பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை வேறு கொஞ்சம் பொறுங்கள் என்றது, காரணம் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குப் போர்ச்சுக்கல்லின் மொசாம்பிக்கிலிருந்து ஆட்கள் வேண்டியிருந்தார்கள். கடைசியில் 1908இல் வில்லியமே அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, 1909 மார்ச்சில்தான் அந்தத் தீவுகளின் கோகோவை வாங்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். இந்த எட்டு வருடமும் கொட்டை வந்துகொண்டேதான் இருந்தது, ஆலையும் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

என்னை உண்மையிலேயே உலுக்குவது இன்னொன்று. 1901இல் ஜார்ஜ் கேட்பரி டெய்லி நியூஸ் பத்திரிகையை வாங்கினார். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளிகளை அடிமை மாதிரி நடத்துகிறார்கள் என்று அந்தப் பத்திரிகை கடுமையாக எழுதியது, முதியோர் பென்ஷனுக்காகப் போராடியது. பென்ஷன் சட்டம் 1908இல் வந்ததில் அதற்கும் பங்குண்டு. அதே 1908இல் ஸ்டாண்டர்ட் என்ற எதிர்முகாம் பத்திரிகை, போர்ன்வில்லின் தோட்டங்களையும் சாவோ டோமேயின் தோட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிவிட்டது. கேட்பரி நிறுவனம் அவதூறு வழக்குப் போட்டது.

வழக்கு 1909 கடைசியில் பர்மிங்காமிலேயே, அவர்கள் சொந்த ஊரிலேயே நடந்தது. ஸ்டாண்டர்ட் தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கார்சன், உங்கள் கோகோவுக்காக இத்தனை வருடத்தில் எத்தனை அடிமைகள் செத்தார்கள் என்று கணக்குப் பார்த்தீர்களா என்று வில்லியமிடம் கேட்டார். இல்லை என்பதைத் தவிர அவரிடம் பதில் இல்லை. ஜூரி கேட்பரி பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது, ஆனால் நஷ்டஈடாகக் கொடுத்தது ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி!

அவசரப்பட்டு வாங்குவதை நிறுத்தினால் போர்ச்சுக்கீசியரை மாற்ற வைக்கும் பிடி கையைவிட்டுப் போய்விடும் என்று அவர்கள் நினைத்ததாகச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. விசாரிக்க ஆள் அனுப்பியதும் அவர்கள்தான், மற்ற கோகோ கம்பெனிகள் பலவற்றுக்கு அந்த அக்கறைகூட இல்லை. ஆனாலும் அந்தப் பொறுமைக்கான விலையைக் கொடுத்தது பர்மிங்காமில் இருந்தவர்கள் இல்லை. சீனத் தொழிலாளிக்காகத் தலையங்கம் எழுத ஒரு நாள் போதுமாக இருந்தது, தன் மூட்டையில் வரும் கொட்டைக்கு எட்டு வருடம் தேவைப்பட்டது. இதைச் சொல்லாமல் அவரைப் பெரிய மனிதர் என்றால், அங்கோலாவிலிருந்து நடத்திக் கூட்டிவரப்பட்டவர்கள் இந்தக் கதையில் ஆளே இல்லை என்று ஆகிவிடுகிறது.

இவர் 1922இல் இறக்கும் வரை செய்த நல்லதெல்லாம் அப்படியே இருக்கட்டும், ஒன்றையும் வெட்ட வேண்டாம். அடுத்த ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம் ஒதுக்கி இந்த எட்டு வருடத்தையும் போடுங்கள். முடிந்தால் நெவின்சனின் பயணத்தைத் தனிக் கட்டுரையாகவே எழுதச் சொல்லுங்கள். உங்கள் இணைப்பை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கும் பள்ளிப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் கையில் பாதிக் கதை மட்டும் இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்