ஆளுக்கு ஒரு கார்டு

அன்புள்ள வசந்தா,

நீங்கள் லண்டன் வருவது ரமணி சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? என்னடி நியாயம் இது! சரி, உன் முழங்கால் தேவலையா? இங்கே எல்லோரும் சுகம்.

பஸ்ஸுக்கும் ட்யூப் என்கிற பாதாள ரயிலுக்கும் எப்படிப் பணம் கட்டுவது என்று கவலைப்படுகிறாயாமே. முக்கியமான வேலையைச் சென்னையிலேயே முடித்துவிடு. வங்கி ஆப்பில் போய் உன் கார்டுக்கு ‘இன்டர்நேஷனல்’ (வெளிநாட்டில் செல்ல), ‘கான்டாக்ட்லெஸ்’ (தட்டினாலே பணம் பிடிக்க) இரண்டையும் ஆன் செய். 2020 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, நாமாகக் கேட்டால்தான் அவை வேலை செய்யும். விசா அல்லது மாஸ்டர்கார்டு கொண்டு வா, ரூபேயை நம்பாதே. பஸ்ஸில் காசு வாங்குவதை 2014 ஜூலையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். ஒரே கார்டில் நீயும் உன் வீட்டுக்காரரும் போக முடியாது. பேரனுக்கு இன்னும் பதினொன்று ஆகவில்லையே, உங்களோடு வந்தால் அவனுக்கு இலவசம். அகலமான கேட் வழியாகக் கூட்டிப் போ.

இப்போது சொல்வதை அவரையும் படிக்கச் சொல். ஸ்டேஷன் கேட்டில் உள்ளே போகும்போது எதைத் தட்டினீர்களோ அதையேதான் வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். போனில் ஏற்றிய கார்டும் பர்ஸில் இருக்கும் கார்டும் ஒரே கணக்கு என்றாலும், போனுக்குள் அதற்கு வேறு எண். மாற்றித் தட்டினால் இரண்டு அரைகுறைப் பயணங்கள் பதிவாகி, இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் பிடிப்பார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டார்கள் என்ற தினசரி உச்சவரம்பும் கைவிட்டுப் போகும். 2025 மார்ச் கட்டணப்படி, நகரத்தின் நடுப்பகுதியான 1, 2 மண்டலங்களுக்குள் எத்தனை தடவை சுற்றினாலும் ஒரு நாளைக்கு 8.90 பவுண்டுதான், பஸ் மட்டும் என்றால் 5.25. ஆனால் அது ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனிக் கணக்கு. இன்னொன்று, கணக்கில் நாள் தொடங்குவது விடிகாலை 4.30க்கு, வாரம் தொடங்குவது திங்களன்று.

பஸ்ஸில் ஏறும்போது ஒரு தட்டு போதும், இறங்கும்போது வேண்டாம். அதே 2025 மார்ச் கட்டணப்படி ஒரு தடவைக்கு 1.75 பவுண்டு. முதல் தட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த பஸ் ஏறினால் அதற்குக் காசில்லை. முழங்காலுக்கும் பஸ்தான் நல்லது, ட்யூபில் படிக்கட்டு அதிகம்.

டிஎல்ஆர் (டாக்லேண்ட்ஸ் லைட் ரயில்வே) ரயிலில் பல ஸ்டேஷன்களில் கேட்டே கிடையாது. பிளாட்பாரத்திலோ படியோரத்திலோ மஞ்சள் வட்டம் போட்ட கம்பம் நிற்கும், அதில்தான் தட்ட வேண்டும். கூட்டத்தோடு பேசிக்கொண்டே அதைத் தாண்டிப் போய்விட்டால் அதிகபட்சக் கட்டணம்தான்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை, வசந்தா. தட்டியவுடன் முழுப் பணமும் பிடிப்பதில்லை, அன்றைய மொத்தத்தைக் கூட்டி அப்புறம்தான் வங்கியிடம் கேட்பார்கள். வங்கி மறுத்தால், பாக்கி தீரும்வரை அந்தக் கார்டுக்குக் கேட் திறக்காது. பென்ஷன் கணக்குக் கார்டு ஒன்றை மட்டும் நம்பி அவரைக் கிளப்பிவிடாதே, இன்னொன்று பையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஸ்டேஷன் மெஷினில் லண்டன் பஸ், ரயிலுக்கான ஆய்ஸ்டர் கார்டு வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளலாம்.

ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து வரும் ரயில்களில் பிக்கடில்லி லைன் ட்யூப்தான் மலிவு. எலிசபெத் லைன் வேகம், ஆனால் விலை கூட. எந்த டெர்மினல், எத்தனை பெட்டி என்று எழுது, எதில் ஏறுவது என்று சொல்கிறேன்.

உன்,
கல்யாணி