வழியில் மாறியது

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தள்ளிப்போனதற்கு வேலை காரணம் இல்லை, நீ கேட்ட கேள்விதான். "பரிசை நினைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தால் எழுத்து எப்படி உண்மையாக வரும்?" என்று கேட்டிருந்தாய். சிங்கப்பூரின் தங்கமுனை விருது எழுத்துப் போட்டிக்கு ஒரு கதை எழுதப்போகிறேன் என்று நான் சொன்னதற்குத்தான் அந்தக் கேள்வி. எனக்குக் கோபம் இல்லை. ஆனால் உறுத்திக்கொண்டே இருந்தது.

தைப்பூசத்தன்று பார்த்ததைச் சொல்கிறேன்.

அக்கா மகன் இந்த வருடம் பால்குடம் எடுத்தான். 22 வயது. என்ன வேண்டுதல் என்று அக்கா கேட்டதற்கு, "கூட்டாளிங்க எல்லாம் எடுக்கிறாங்கம்மா" என்றான். விரதம் மட்டும் ஒழுங்காக இருந்தான். சிராங்கூன் சாலை பெருமாள் கோவிலில் நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டபோது போனை என் கையில் கொடுத்து, "மாமா, குடம் தெரியற மாதிரி எடுங்க" என்றான். நானும் எடுத்துக்கொண்டே நடந்தேன். படம் விழுகிறதா என்று அவன் பத்தடிக்கு ஒருமுறை என்னைப் பார்த்தான்.

சிலிகி ரோடு வந்தபோது அவன் பார்ப்பது நின்றிருந்தது. எந்த இடத்தில் நின்றது என்று எனக்கே தெரியவில்லை. குடத்தின் வாயில் கட்டிய மஞ்சள் துணி நனைந்து, பால் ஒரு கோடாகக் காதுக்குப் பின்னால் இறங்கிக் கழுத்தில் காய்ந்திருந்தது. கை நடுங்கியது. பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்ட முடியாதே, கண்ணாலேயே வேண்டாம் என்றான்.

டேங்க் ரோடு முருகன் கோவில் போய்ச் சேர மூன்று கிலோமீட்டருக்கு மேல் வெறுங்கால் நடை. கோவில் வரிசையில் நான் போனைத் தூக்கினேன். "வேணாம் மாமா" என்றான். அவன் கொண்டுவந்த பாலை வேலின் மேல் ஊற்றியபோது அவன் முகத்தைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்த்த பிள்ளை, அந்த முகம் எனக்குப் புதிது.

1859-ல் செட்டியார்கள் கட்டிய கோவில் அது. அன்றிலிருந்து அங்கே வந்தவர்களில் எத்தனை பேர் தெளிந்த மனதோடு புறப்பட்டிருப்பார்கள்? பரீட்சைக்காக, வேலைக்காக, நாலு பேர் பார்க்கட்டும் என்பதற்காகப் புறப்பட்டவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். மனித மனம் எப்போதும் கலந்துதான் கிடக்கிறது. அது தெளியட்டும் என்று காத்திருந்தால் யாரும் குடத்தைத் தூக்கவே மாட்டார்கள். சுமை ஏறி, கை வலிக்கத் தொடங்கியபின்தான் எதற்காக நடக்கிறோம் என்பது மாறுகிறது.

என் கதையும் அப்படித்தான் ஆனது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியதை, நடுவர்களுக்குப் பிடிக்கும்படி வீர வரலாறாக ஆரம்பித்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் பக்கத்தில் அவர் சாப்பிட உட்கார்ந்தார். நசுங்கிய விரல்கள் எங்கள் கண்ணில் படாமல் இருக்க ஒரு கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வாரே, அது திடீரென்று ஞாபகம் வந்தது. அப்புறம் பரிசும் நினைவில்லை, நேரமும் தெரியவில்லை. எழுதி முடித்தபோது விடிந்துவிட்டது.

கதையை இத்துடன் அனுப்புகிறேன். இடது கை என்று எழுதியிருக்கிறேன், ஆனால் உறுதியாகத் தெரியவில்லை. அம்மாவும் இல்லை கேட்க. நீ அவருக்கு எதிரே உட்கார்ந்து எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறாய். எந்தக் கை என்று ஞாபகம் இருந்தால் எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி